கிறிஸ்தவ வரலாற்றை எந்தத் திசையிலிருந்து படிப்பது?

நம்மில் பெரும்பாலோர் மனதில் இருக்கும் கிறிஸ்தவ வரலாறு ஒரே கோடுதான். எருசலேமில் தொடங்கி, ரோமுக்குப் போய், ஐரோப்பா முழுக்கப் பரவி, மார்ட்டின் லூத்தர் காலத்தில் கத்தோலிக்கம், புராட்டஸ்டண்ட் என்று இரண்டாகி, பிறகு கப்பலேறி நம் கரைக்கு வந்து சேர்ந்தது. சர்ச்சுக்குப் போகிறவர்களும் இதைத்தான் சொல்கிறார்கள், கிறிஸ்தவத்தை வெள்ளைக்காரன் மதம் என்று ஒதுக்குகிறவர்களும் இதே கோட்டைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். கோட்டில் வரும் புள்ளிகள் பொய்யில்லை. ஆனால் அதை மட்டும் படித்தால் சிரியாவிலும் ஈராக்கிலும் ஈரானிலும் எகிப்திலும் எத்தியோப்பியாவிலும் ஆர்மீனியாவிலும் மத்திய ஆசியாவிலும் கேரளத்திலும் பல நூற்றாண்டுகள் வாழ்ந்த கிறிஸ்தவர்கள் அத்தனை பேரும் காணாமல் போய்விடுகிறார்கள். ஓரத்தில் இருந்த சின்னக் கூட்டம் என்று இவர்களைத் தள்ளிவிடவும் முடியாது. முதல் ஆயிரம் ஆண்டுகளில் இந்த மதத்தின் எடை பெரும்பாலும் கிழக்கில்தான் இருந்தது.

அதனால் இந்த வரலாற்றைப் படிக்கத் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். எந்த நூற்றாண்டைத் திறந்தாலும் மூன்று கேள்விகளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்: அப்போது கிறிஸ்தவர்கள் எங்கெங்கே இருந்தார்கள், எந்த மொழியில் ஜெபித்தார்கள், அவர்களைப் பற்றி எழுதி வைத்தது யார்? இந்த மூன்றாவது கேள்விதான் அதிகம் வேலை செய்யும். ஏனென்றால் நமக்குக் கிடைப்பதில் பெரும்பகுதி வாதத்தில் ஜெயித்தவர்கள் எழுதியது, அல்லது விசாரணை நடத்திய அதிகாரிகள் எழுதியது.

ஆரம்பத்துக்கு வருவோம். புதிய ஏற்பாட்டைத் திறந்தால் முதலில் நான்கு சுவிசேஷங்கள், அடுத்து அப்போஸ்தலர் நடபடிகள், அதற்குப் பிறகுதான் பவுலின் கடிதங்கள். இது தொகுத்த வரிசை. எழுதப்பட்ட வரிசை வேறு. நம் கையில் இருப்பவற்றில் மிகப் பழையவை பவுலின் கடிதங்கள்தான். தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதல் கடிதம் ஏறக்குறைய கி.பி. 50ஐ ஒட்டியது என்பது பெரும்பாலான அறிஞர்களின் கணிப்பு. மாற்கு சுவிசேஷத்தைப் பொதுவாக 70ஐ ஒட்டி வைக்கிறார்கள், அதாவது ரோமப் படை எருசலேம் ஆலயத்தை இடித்த காலம். மத்தேயுவும் லூக்காவும் அதற்குச் சில ஆண்டுகள் கழித்து, யோவான் நூற்றாண்டின் கடைசியில். இயேசு சிலுவையில் அறையப்பட்டது பொந்தியு பிலாத்து யூதேயாவை ஆண்ட 26க்கும் 36க்கும் இடையில், அநேகமாக 30 அல்லது 33. ஆக, சம்பவத்துக்கும் முதல் எழுத்துக்கும் இடைவெளி இருபது ஆண்டுகள் போல. பழங்கால வரலாற்றில் இது மிகக் குறைந்த இடைவெளி.

இந்த 50 என்ற கணக்கு எங்கிருந்து வந்தது என்பதைத் தெரிந்துகொண்டால் வரலாற்றுக்காரர்கள் எப்படி வேலை செய்கிறார்கள் என்பது புரியும். கொரிந்து பட்டணத்தில் பவுலைக் கல்லியோன் என்ற ஆளுநர் முன் நிறுத்தினார்கள் என்று நடபடிகள் 18ஆம் அதிகாரம் சொல்கிறது. கிரேக்க நாட்டு டெல்பியில், உடைந்த கல் துண்டுகளில், கிளாடியஸ் பேரரசன் அனுப்பிய கடிதம் ஒன்றின் வாசகம் கிடைத்தது. அதில் கல்லியோன் பெயரும் இருக்கிறது, பேரரசனின் ஆட்சிக் கணக்கும் இருக்கிறது. அதை வைத்துக் கல்லியோன் அங்கே பதவியில் இருந்தது 51, 52 வாக்கில் என்று பிடித்தார்கள். பவுலின் பயணங்களுக்குப் போடும் தேதிகளில் பெரும்பாலானவை இந்த ஒரு கல்லிலிருந்து முன்னும் பின்னும் எண்ணிப் பார்த்துச் சொல்லப்படுபவை.

கலாத்தியருக்கு எழுதிய கடிதத்தில் பவுல் ஒரு தகவலைப் போகிற போக்கில் சொல்கிறார். எருசலேமுக்குப் போய்ப் பேதுருவோடு பதினைந்து நாள் தங்கியதாகவும், இயேசுவின் சகோதரர் யாக்கோபைப் பார்த்ததாகவும். அதே கடிதத்தில் பின்னால் அந்தியோகியாவில் பேதுருவோடு முகத்துக்கு நேரே சண்டை போட்டதையும் எழுதியிருக்கிறார். யூதரல்லாதவர்களோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடலாமா கூடாதா என்பதுதான் தகராறு. தொடக்கத்தில் எல்லோரும் ஒரே மனதாக இருந்தார்கள், பிற்பாடுதான் பிரிவினை வந்தது என்று நினைக்கிறவர்கள் இந்தக் கடிதத்தை நிதானமாகப் படிக்க வேண்டும். இயேசுவை நேரில் பார்த்தவர்கள் உயிரோடு இருந்தபோதே, யாரோடு சேர்ந்து சாப்பிடுவது என்ற கேள்வி இந்தக் கூட்டத்தைப் பிளக்கும் அளவுக்குப் போயிருக்கிறது.

வெளியாட்கள் எழுதியதும் இருக்கிறது. யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ் 93 வாக்கில் எழுதிய நூலில் இயேசுவைப் பற்றி ஒரு பத்தி வருகிறது. அதில் பிற்காலத்துக் கிறிஸ்தவக் கை புகுந்து சில வரிகளைச் சேர்த்திருக்கிறது என்பதை ஏறக்குறைய எல்லோருமே ஒப்புக்கொள்கிறார்கள். அதே நூலில் யாக்கோபின் கொலையைச் சொல்லும் இடத்தை அப்படிச் சந்தேகிப்பவர்கள் மிகக் குறைவு. டாசிட்டஸ் என்ற ரோமர், 64ஆம் ஆண்டு ரோமாபுரி எரிந்ததைச் சொல்லும்போது, நீரோ பழியைக் கிறிஸ்தவர்கள் மேல் போட்டான் என்றும் அவர்களுடைய கிறிஸ்து பிலாத்துவால் கொல்லப்பட்டவர் என்றும் எழுதுகிறார். எழுதும்போதே வெறுப்பு தெரிகிறது. பிடிக்காதவர் சொல்லும் சாட்சி என்பதால்தான் அதற்கு இவ்வளவு மதிப்பு.

எல்லாவற்றிலும் என்னை அதிகம் பாதித்தது பிளினியின் கடிதம். இன்றைய துருக்கியின் வடக்கில் பித்தினியா, பொந்து பகுதிக்கு ஆளுநராக இருந்தவர் அவர். 112ஐ ஒட்டி டிராஜன் பேரரசனுக்கு எழுதுகிறார்: இந்தக் கிறிஸ்தவர்களை என்ன செய்வது? பெயரே குற்றமா, இல்லை ஏதாவது செய்திருந்தால்தான் குற்றமா? விசாரித்ததில் தெரிந்ததையும் சொல்கிறார். குறிப்பிட்ட ஒரு நாளில் விடிவதற்கு முன் கூடுகிறார்கள், கிறிஸ்துவைத் தெய்வமாக வைத்து மாறி மாறிப் பாடுகிறார்கள், திருட மாட்டோம், விபசாரம் செய்ய மாட்டோம், சொன்ன சொல் தவற மாட்டோம் என்று உறுதி எடுக்கிறார்கள், பிறகு கலைந்து, சாப்பிட மறுபடி கூடுகிறார்கள். இன்னும் உண்மையைக் கறக்க வேண்டும் என்று, சபையில் பணிவிடைக்காரர்கள் என்ற பொறுப்பில் இருந்த இரண்டு அடிமைப் பெண்களைச் சித்திரவதை செய்தேன் என்கிறார். அவர்கள் பெயரை எழுத அவருக்குத் தோன்றவில்லை. இரண்டாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் ஒரு சபை எப்படி நடந்தது, அதில் அடிமைப் பெண்களுக்கு என்ன இடம் இருந்தது என்பதை நாம் அறிவது அவர்களை வதைத்த அதிகாரியின் பேனாவிலிருந்துதான். டிராஜன் பதிலும் கிடைத்திருக்கிறது: தேடிப் போக வேண்டாம், மொட்டைக் கடிதத்தை வைத்து நடவடிக்கை எடுக்க வேண்டாம், ஆனால் குற்றம் நிரூபிக்கப்பட்டால் தண்டனை கொடு.

முந்நூறு ஆண்டுகள் இடைவிடாமல் வேட்டையாடப்பட்டார்கள் என்று பிரசங்கங்களில் கேட்டிருப்போம். இந்தப் பதிலைப் பார்த்தாலே அது அப்படி இல்லை என்பது தெரியும். அங்கங்கே, அவ்வப்போது, உள்ளூர்க் கூட்டம் கிளம்பினால் நடக்கும். பேரரசு முழுக்கத் திட்டம் போட்டு நடந்தவை சில: 250இல் டெசியஸ் எல்லோரும் தெய்வங்களுக்குப் பலியிட்டு அதற்குச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்று ஆணையிட்டது (அந்தச் சான்றிதழ்களில் சில எகிப்து மணலில் இன்றும் கிடைக்கின்றன), 303இல் டயக்ளீஷியன் தொடங்கிய பெரிய துன்புறுத்தல். இப்படிச் சொல்வதால் செத்தவர்களின் சாவு சிறிதாகிவிடாது. 203இல் கார்த்தேஜ் நகரச் சிறையில், கைக்குழந்தையோடு இருந்த பெர்பெத்துவா என்ற இளம்பெண் எழுதிய குறிப்புகள் நமக்குக் கிடைத்திருக்கின்றன. அப்பா வந்து காலில் விழுந்து கெஞ்சுவதை அவள் எழுதியிருக்கும் பக்கத்தைப் படித்துவிட்டுச் சும்மா கடந்து போக முடியாது. கார்த்தேஜ் இருப்பது இன்றைய துனீசியாவில். இலத்தீன் கிறிஸ்தவம் எழுத்தில் வளர்ந்தது ரோமாபுரியைவிட முதலில் வட ஆப்பிரிக்காவில்தான். இலத்தீனில் எழுதிய இறையியலாளர்கள் தெர்த்துல்லியன், பிற்பாடு அகஸ்டின், எல்லோரும் அந்த மண்.

அப்போது தனியாகக் கட்டிய தேவாலயங்கள் குறைவு, பெரும்பாலும் வீடுகள்தான். யூப்ரடீஸ் ஆற்றங்கரையில் தூரா யூரோபோஸ் என்ற ஊரில், சுவரோவியங்களோடு ஞானஸ்நான அறை வைத்து மாற்றிக் கட்டிய ஒரு வீட்டைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். 256 வாக்கில் பாரசீகப் படை அந்த ஊரைப் பிடித்தது, அதற்குப் பிறகு ஊரே மண்ணுக்குள் போய்விட்டது, அதனால்தான் இந்த வீடு தப்பியது. அதே தெருவில் யூத ஜெபாலயமும் இருந்தது.

சரி, நைசேயா. 325இல், இன்று துருக்கியில் இஸ்னிக் எனப்படும் ஊரில், கான்ஸ்டன்டைன் பேரரசன் கூட்டிய பொதுச்சங்கம். அங்கேதான் பைபிளில் எந்தப் புத்தகம் இருக்கலாம் என்று வாக்கெடுத்து முடிவு செய்தார்கள், அங்கேதான் இயேசுவைக் கடவுள் ஆக்கினார்கள் என்று ஒரு கதை சுற்றிக்கொண்டே இருக்கிறது. இரண்டும் தவறு. புத்தகப் பட்டியல் அங்கே முடிவாகவே இல்லை. இன்றைய புதிய ஏற்பாட்டின் 27 புத்தகங்களை மட்டும் அப்படியே பட்டியலிடும் முதல் ஆவணம், அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியஸ் 367இல் ஈஸ்டரை ஒட்டிச் சபைகளுக்கு எழுதிய பாஸ்கா கடிதம். கிறிஸ்துவைத் தெய்வமாக வைத்துப் பாடுகிறார்கள் என்பதை நைசேயாவுக்கு இருநூறு ஆண்டுகள் முன்னாலேயே பிளினி எழுதிவிட்டார். நைசேயாவில் கேட்கப்பட்ட கேள்வி நுணுக்கமானது: மகன் பிதாவோடு சமமாக என்றென்றும் இருப்பவரா, அல்லது அரியுஸ் என்ற அலெக்சாந்திரிய குரு சொன்னதுபோல் பிதாவால் உண்டாக்கப்பட்டவரா? அரியுஸ் பக்கம் தோற்றது. தோற்றதோடு ஓய்ந்ததா என்றால் இல்லை. ஜெயித்த பக்கத்துக்காக வாதாடிய அத்தனாசியஸே ஐந்து தடவை நாடு கடத்தப்பட்டார். 337இல் மரணப்படுக்கையில் கான்ஸ்டன்டைனுக்கு ஞானஸ்நானம் கொடுத்த ஆயர் எவ்செபியஸே அரியுஸை ஆதரித்தவர். 381இல் இன்னொரு சங்கம் கூடித்தான் விஷயம் ஓரளவு நிலைப்பட்டது. 

கான்ஸ்டன்டைன் கிறிஸ்தவத்தை அரசு மதமாக அறிவித்ததாகவும் எழுதுகிறார்கள். 313இல் அவரும் சக பேரரசன் லிசினியஸும் செய்தது எல்லா மதத்துக்கும் வழிபாட்டு உரிமை தந்ததும், பறித்த சொத்தைத் திருப்பிக் கொடுத்ததும். அரசின் மதம் என்று ஆக்கியது 380இல் தியடோசியஸ் காலத்து ஆணை. இந்த அறுபது, எழுபது ஆண்டுகளுக்குள் துன்புறுத்தப்பட்டவர்கள் துன்புறுத்துகிறவர்கள் ஆனார்கள் என்பதையும் மறைக்காமல் படிக்க வேண்டும். பழைய தெய்வங்களின் கோயில்கள் பூட்டப்பட்டன, மாற்றுக் கருத்துள்ள கிறிஸ்தவர்களே முதலில் அடி வாங்கினார்கள்.

இதற்கு அடுத்த கட்டம்தான் நம் பாடப்புத்தகங்களில் விழுந்துபோன பக்கம். கிறிஸ்தவத்தின் பெரிய பிளவு எது என்றால் லூத்தரின் 1517 என்பார்கள், கொஞ்சம் படித்தவர்கள் ரோமும் கான்ஸ்டான்டிநோபிளும் (இன்றைய இஸ்தான்புல்) பிரிந்த 1054 என்பார்கள். என் கணக்கில் 431உம் 451உம்தான். எபேசு சங்கத்திலும் கல்சேதோன் சங்கத்திலும் விவாதித்தது, கிறிஸ்துவுக்குள் தெய்வத்தன்மையும் மனிதத்தன்மையும் எப்படி இணைந்திருக்கின்றன என்பதை. முதலாவதில் கண்டனம் செய்யப்பட்டவர் கான்ஸ்டான்டிநோபிள் பேராயர் நெஸ்தோரியஸ். பாரசீகப் பேரரசுக்குள் இருந்த கிழக்குத் திருச்சபை அந்தக் கண்டனத்தை ஏற்கவில்லை. இரண்டாவதை எகிப்தின் காப்டிக் சபை, சிரிய மரபுச் சபை, ஆர்மீனியர், எத்தியோப்பியர் ஏற்கவில்லை. வெறும் சொல் தகராறு என்று தள்ளிவிடலாம்போல் தோன்றும். அதற்குள் மொழி இருந்தது, கான்ஸ்டான்டிநோபிளின் அதிகாரம் இருந்தது, வரி வசூலிக்கும் பேரரசின் மேல் கோபமும் இருந்தது. இந்தப் பிரிவு இன்றுவரை ஒட்டவில்லை. ஏழாம் நூற்றாண்டில் அரபு முஸ்லிம் படைகள் வந்தபோது அவர்கள் கைக்குப் போன மக்களில் பெரும்பகுதி, பேரரசின் அதிகாரபூர்வச் சபையால் ஏற்கனவே ஒதுக்கப்பட்ட கிறிஸ்தவர்கள்.

கிழக்குத் திருச்சபை போன தூரத்தைப் பாருங்கள். அவர்கள் ஜெபித்த மொழி சிரியாக், இயேசு பேசிய அரமேயத்தின் உடன்பிறப்பு. அலோபென் என்ற துறவி 635இல் சீனத் தலைநகர் சாங்கானுக்கு வந்தார் என்பதை 781இல் நாட்டிய கல்வெட்டு சீனத்திலும் சிரியாக்கிலும் சொல்கிறது. அந்தக் கல் இன்றும் சியான் நகர அருங்காட்சியகத்தில் நிற்கிறது. இதே காலத்தில் பாக்தாதில் முதலாம் திமொத்தேயு என்பவர் 780 முதல் 823 வரை இந்தச் சபைக்குத் தலைவர். கலீபா அல் மஹ்தியோடு உட்கார்ந்து கிறிஸ்துவைப் பற்றியும் முகம்மது நபியைப் பற்றியும் உரையாடி அதை எழுதியும் வைத்தார். கலீபா கேட்டதற்காக அரிஸ்டாட்டில் நூல் ஒன்றை மொழிபெயர்க்கவும் ஏற்பாடு செய்தார். திபெத்துக்கு ஒரு பேராயரை அனுப்பப்போவதாக ஒரு கடிதத்தில் எழுதுகிறார். மேற்கே பிராங்கு அரசன் சார்லமேன் முடிசூட்டிக்கொண்டு ஐரோப்பாவைக் கட்டிக்கொண்டிருந்த அதே ஆண்டுகள் இவை. நிலப்பரப்பை வைத்துப் பார்த்தால் போப்பைவிடத் திமொத்தேயுவின் எல்லைதான் பெரிது. பதினான்காம் நூற்றாண்டுக்குள் மங்கோலிய அரசுகள் மதம் மாறி, தைமூரின் படையெடுப்பும் வந்து, இந்தச் சபை மலைப்பகுதிகளுக்குள் சுருங்கியது. சுருங்கியதால்தான் அதன் கதையைச் சொல்ல ஆள் இல்லாமல் போனது.

இந்தச் சபையோடு கட்டுண்டதுதான் கேரளத்துக் கிறிஸ்தவம். இயேசுவின் சீடர் தோமா 52இல் வந்தார் என்பது அந்தச் சமூகத்தின் உறுதியான நினைவு. சமகால ஆவணம் எதுவும் இல்லை. மூன்றாம் நூற்றாண்டில் சிரியாக்கில் எழுதப்பட்ட தோமாவின் பணிகள் என்ற நூல், அவர் கொண்டபேர்னஸ் என்ற இந்திய அரசனிடம் போனதாகச் சொல்கிறது. கதையில் அற்புதங்கள் ஏராளம், அதனால் அந்த அரசனே கற்பனை என்று நினைத்திருந்தார்கள். 19ஆம் நூற்றாண்டில் வடமேற்கு இந்தியப் பகுதிகளில் அவன் பெயர் பொறித்த காசுகள் கிடைத்தன. தோமா வந்தார் என்று இதை வைத்து நிரூபித்துவிட முடியாது. ஆனால் முதல் நூற்றாண்டு இந்திய அரசன் ஒருவனின் பெயர் சிரியாக் மொழியின் மையமான எடெசா நகர் வரை சரியாகப் போயிருக்கிறது. 

உறுதியாகக் கைவைக்கக்கூடிய இடம், ஆறாம் நூற்றாண்டு வணிகர் காஸ்மாஸ் தரும் குறிப்பு: மலபாரிலும் இலங்கையிலும் கிறிஸ்தவர்கள், பாரசீகத்திலிருந்து வரும் குருமார். அடுத்து கொல்லம் தரிசாப்பள்ளிச் செப்பேடு, 849. வேணாட்டு அய்யனடிகள் ஒரு பள்ளிக்கு (தேவாலயத்துக்கு) நிலமும் உரிமைகளும் கொடுத்ததை வட்டெழுத்தில் பதிந்திருக்கிறார்கள். சாட்சிக் கையெழுத்துகள் அரபியிலும், பழைய பாரசீக மொழியான பகலவியிலும், எபிரேய எழுத்தில் பாரசீகத்திலும். ஒரு துறைமுக ஊரில் முஸ்லிம், பார்சி, யூதர் எல்லோரும் ஒரு கிறிஸ்தவப் பள்ளிக்காகக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். சென்னை பரங்கிமலையில் இருக்கும் பகலவி எழுத்துச் சிலுவையும் இந்த உலகத்தைச் சேர்ந்ததுதான். பிறகு போர்ச்சுகீசியர் வந்தார்கள். 1599இல் உதயம்பேரூரில் பேராயர் மெனேசெஸ் கூட்டிய சங்கம், சிரியாக் நூல்களைத் திருத்தவோ எரிக்கவோ ஆணையிட்டது. 1653இல் மட்டாஞ்சேரியில் மக்கள் கூடி அந்த அதிகாரத்துக்குக் கீழ்ப்படிய மாட்டோம் என்று சத்தியம் செய்தார்கள், கூனன் குரிசு சத்தியம். எரிந்த நூல்களில் என்னென்ன இருந்தது என்பதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. கிறிஸ்தவ வரலாற்றின் ஆவணங்களைக் கிறிஸ்தவர்களே அழித்த இடம் அது.

மேற்கின் நடுக்காலத்தை வேகமாகத் தாண்டுகிறேன், அதற்குப் புத்தகங்கள் நிறைய. 1054இல் ரோமும் கான்ஸ்டான்டிநோபிளும் ஒருவரையொருவர் சபை நீக்கம் செய்தது பிரபலம், ஆனால் சாதாரண மக்கள் மனதில் பிரிவை நிரந்தரமாக்கியது 1204. முஸ்லிம்களோடு போர் என்று கிளம்பிய சிலுவைப்போர் படை, கிறிஸ்தவக் கான்ஸ்டான்டிநோபிளைச் சூறையாடியது. சபை நீக்க ஆணைகளை 1965இல் இரு தரப்பும் விலக்கிக்கொண்டன.

லூத்தர் விஷயத்தில் ஆணியையும் சுத்தியலையும் விட்டுவிட்டுப் பணம் போன வழியைப் பாருங்கள். 1517 அக்டோபர் 31 அன்று அவர் பாவமன்னிப்புச் சீட்டு விற்பனையைக் கேள்வி கேட்கும் 95 கருத்துகளையும் ஒரு கடிதத்தையும் ஜெர்மனியின் மைன்ஸ் பேராயர் அல்பிரெக்டுக்கு அனுப்பினார் என்பது உறுதி. ஆலயக் கதவில் அடித்தாரா என்பதில் அறிஞர்களுக்குள் சந்தேகம் இருக்கிறது. அந்த அல்பிரெக்ட் ஒரே ஆளாகப் பல ஆயர் பதவிகளைப் பிடிக்க ரோமுக்குக் கட்ட வேண்டிய தொகையை ஃபுக்கர் வங்கிக் குடும்பத்திடம் கடனாக வாங்கியிருந்தார். பாவமன்னிப்புச் சீட்டு விற்ற காசில் ஒரு பாதி புனித பேதுரு பேராலயக் கட்டுமானத்துக்கு, மறுபாதி அந்தக் கடனை அடைக்க. லூத்தருக்கு அப்போது இந்தக் கணக்கெல்லாம் முழுசாகத் தெரியாது. அவர் கேட்டது மீட்பைப் பற்றிய கேள்வி. ஆனால் அது போய் விழுந்த இடத்தில் வங்கி, பேராயர், போப் மூவரும் இருந்தார்கள், அச்சு இயந்திரமும் இருந்தது. நூறு ஆண்டு முன்னால் ஏறக்குறைய இதையே பேசிய போகேமியாவின் யான் ஹுஸ் 1415இல் எரிக்கப்பட்டார், அவர் காலத்தில் அச்சு இல்லை.

ஒரே வேதத்தை வைத்து நேரெதிர் முடிவுக்கு வந்தவர்களையும் இந்த வரலாறு முழுக்கப் பார்க்கலாம். 1452இல் போப் ஐந்தாம் நிக்கோலஸ், பிடிபட்ட முஸ்லிம்களையும் பிற மதத்தவரையும் நிரந்தர அடிமைகளாக்க போர்ச்சுகல் அரசனுக்கு அனுமதி கொடுத்தார். 1550இல் ஸ்பெயினின் வல்லடோலிட் நகரில், அமெரிக்கப் பூர்வகுடிகளுக்காக லாஸ் காசாஸ் என்ற துறவி வாதாடினார். இரண்டு பேரையும் சேர்த்துப் படிக்காமல் கிறிஸ்தவமும் அடிமைமுறையும் பற்றி எழுதவே கூடாது.

தமிழில் படிக்கிறவர்களுக்கு இந்த வரலாற்றில் ஒரு பெரிய வசதி இருக்கிறது. பதினாறாம் நூற்றாண்டிலிருந்து நமக்கு அச்சு ஆதாரம் உண்டு. 1530களில் முத்துக்குளித்துறைப் பரதவர் கூட்டமாக மதம் மாறினார்கள், முத்துக்குளிப்பில் இருந்த மோதலும் போர்ச்சுகீசியப் பாதுகாப்பும் அதற்குக் காரணம். அவர்களிடையே வேலை செய்த அன்றீக்கே அடிகளார் தம்பிரான் வணக்கம் என்ற தமிழ் நூலை 1578இல் கொல்லத்தில் அச்சிட்டார். 1706இல் தரங்கம்பாடிக்கு ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு வந்தார், 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது. அவர் நம் தெய்வங்களைப் பற்றி ஊர் ஆட்களிடம் விசாரித்து ஒரு விரிவான நூல் எழுதி 1713இல் ஜெர்மனியின் ஹாலே நகருக்கு அனுப்பினார். அங்கே இருந்த பெரியவர்கள் அதை அச்சிட விரும்பவில்லை. 1867இல்தான் சென்னையில் அச்சேறியது. அவரும் உடன் பணியாளரும் தமிழர்களிடம் கேள்வி அனுப்பி வாங்கிய பதில் கடிதங்கள் மட்டும் அப்போதே ஜெர்மனில் வெளிவந்தன. சாதி, சாப்பாடு, மதம், ஐரோப்பியரின் குடிப்பழக்கம் என்று தமிழர்கள் மனம் விட்டு எழுதியவை அவை. பதினெட்டாம் நூற்றாண்டுச் சாமானியத் தமிழர் குரலைத் தேடுகிறவர்கள் போய்த் தேட வேண்டிய இடம் ஹாலே ஆவணக்காப்பகம்.

சாதியை இங்கே தாண்டிப் போக முடியாது. அந்தியோகியாவில் பேதுருவும் பவுலும் மோதிய பந்தி விவகாரம் நம் ஊரில் சாதியின் பேரில் நடந்தது, இன்னும் நடக்கிறது. 1606இல் மதுரைக்கு வந்த இத்தாலியப் பாதிரியார், தத்துவ போதகர் நொபிலி பிராமணத் துறவி போல வாழ்ந்து, ஒடுக்கப்பட்ட சாதிகளின் சபையிலிருந்து விலகி நின்றார். தரங்கம்பாடி ஆலயத்தில் தனித்தனி உட்காருமிடம் இருந்தது. வடக்கன்குளத்தில் சாதிகள் ஒன்றையொன்று பார்க்காமல் பீடத்தைப் பார்க்கும்படி இரண்டு கால்களாகப் பிரிந்த ஆலயமே 19ஆம் நூற்றாண்டில் கட்டினார்கள். தேவாலயத்துக்குள் சாதி கூடாது என்று மிஷனரிகள் கடுமையாக்கியபோது அதை எதிர்த்து எழுதியவர்களில் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் போன்ற பெருங்கவியும் உண்டு. அவருடைய பாடல்களை நேசித்துக்கொண்டே இதையும் சொல்லத்தான் வேண்டும்.

இருபதாம் நூற்றாண்டில் வரைபடம் தலைகீழானது. 1910இல் உலகக் கிறிஸ்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேர் ஐரோப்பாவில் இருந்தார்கள். நூறு ஆண்டில் அது நான்கில் ஒருவராகக் குறைந்தது. சகாராவுக்குத் தெற்கே ஆப்பிரிக்காவில் இன்று ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர். அந்த 1910இல்தான் எடின்பரோவில் உலக மிஷனரி மாநாடு நடந்தது. வந்தவர்களில் மிகப் பெரும்பான்மை ஐரோப்பியரும் அமெரிக்கரும். அதில் எழுந்து பேசியவர் திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா. ஏழைகளுக்கு உங்கள் பொருளைக் கொடுத்தீர்கள், உயிரையும் கொடுத்தீர்கள், எங்களுக்கு வேண்டியது அன்பு, நண்பர்களைத் தாருங்கள் என்று முகத்துக்கு நேரே கேட்டார். அரங்கில் இருந்த பலருக்கு அது கசந்தது. இரண்டு ஆண்டுகளில் அவர் இன்றைய தெலங்கானாவில் உள்ள தோர்ணக்கல்லின் ஆயரானார், ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய ஆயர். தென்னிந்தியத் திருச்சபை 1947 செப்டம்பர் 27இல் சென்னையில் உருவானபோது அதற்காகப் பல ஆண்டு உழைத்த அவர் உயிரோடு இல்லை. ஆயர் முறை உள்ள சபையும் இல்லாத சபைகளும் ஒன்றாகக் கலந்தது அதுவரை எங்கும் நடக்காதது, ஐரோப்பாவால் செய்ய முடியாததும்கூட.

பெந்தெகொஸ்தே இயக்கத்தை 1906இல் லாஸ் ஏஞ்சல்ஸ் அசூசா தெருவில், அடிமைகளாக இருந்த பெற்றோருக்குப் பிறந்த வில்லியம் சீமோர் தொடங்கினார் என்று எழுதுவார்கள். அந்தக் கூட்டத்தின் முக்கியத்துவத்தில் சந்தேகமில்லை. ஆனால் 1905இல் பூனா அருகே பண்டித ராமாபாயின் முக்தி இல்லத்திலும், 1860இல் திருநெல்வேலிப் பகுதியில் அருளப்பன் என்ற உபதேசியாரின் சபைகளிலும் இதே மாதிரியான எழுப்புதல்கள் பதிவாகியிருக்கின்றன. மறுபடியும் அதே ஒற்றைக் கோடு. எங்கே பத்திரிகை இருந்ததோ அங்கே தொடங்கியதாகக் கதை நிற்கிறது.

பெல்ஜியக் காங்கோவில் சைமன் கிம்பாங்கு 1921இல் சில மாதங்கள்தான் பிரசங்கித்தார். முதலில் மரண தண்டனை, பிறகு ஆயுள், 1951இல் சிறையிலேயே இறந்தார். அவர் பெயரிலான சபைக்கு இன்று பல லட்சம் பேர். அவரைப் பற்றிய முதல் ஆவணங்களில் பெரும்பகுதி காலனி அதிகாரிகளும் மிஷனரிகளும் எழுதியவை, பிளினியின் கடிதம் போலவே.

இன்று உலகில் வேகமாக வளரும் சபைகள் வீட்டு மாடிகளிலும் தகரக் கொட்டகைகளிலும் நடக்கின்றன. அவற்றின் வரலாறு ஜெபக்கூட்ட நோட்டீஸ்களிலும் கேசட்டுகளிலும் பாட்டு நோட்டுகளிலும் பாட்டிமார்களின் சாட்சிகளிலும் இருக்கிறது, ஆவணக்காப்பகத்தில் இல்லை. பழைய கிராமச் சபைகளின் ஞானஸ்நானப் பதிவேடுகளும் உபதேசியார்களின் நாட்குறிப்புகளும் கரையான் அரித்துக்கொண்டிருக்கின்றன. யார் எப்போது சேர்ந்தார்கள், எந்தச் சாதி, எந்தத் தொழில், புதுப் பெயர் என்ன வைத்துக்கொண்டார்கள் என்று ஒரு பதிவேட்டில் இருப்பது வேறு எங்கேயும் கிடைக்காது. உங்கள் ஊர்ச் சபையில் அப்படி ஒன்று இருந்தால், குருவானவரிடம் கேட்டு, பக்கம் பக்கமாகப் போனில் படம் எடுத்து, எந்த ஊர், எந்த ஆண்டு என்று எழுதி, ஒரு பிரதியை ஏதாவது நல்ல நூலகத்தில் சேர்த்துவிடுங்கள்.